பூம் பிடிப்பவருக்கும் ஒரு ஒத்திகை கொடுங்கள்

படப்பிடிப்புத் தளத்தில் அதிகம் திட்டு வாங்கும் கருவி பூம் மைக்தான். ஃப்ரேமுக்குள் தலையை நீட்டினால் திட்டு. நடிகர் முகத்தில் நிழல் விழுந்தால் திட்டு. இந்த இரண்டும் டைரக்டர் முன்னால் இருக்கும் திரையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூன்றாவதாக ஒன்று உண்டு. வசனத்துக்கு நடுவே அடியிலிருந்து 'டும்' என்று வரும் ஒரு தட்டல். அது ஹெட்போன் போட்டிருக்கும் எனக்கு மட்டும்தான் கேட்கும். "சார், சவுண்டுக்கு ஒன் மோர்" என்று நான் கை தூக்கினால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் ஒரே கேள்விதான் இருக்கும்: எங்களுக்குக் கேட்காதது உனக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

லொகேஷன் சவுண்ட் எடுப்பது என் தொழில். பூம் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துத்தான் இதற்குள் வந்தேன். இப்போது ரெக்கார்டர் பையைத் தோளில் மாட்டியிருக்கிறேன். பூம் பிடிப்பது என்னோடு வரும் பையன்கள். படங்கள், வெப் தொடர்கள், ஆவணப்படங்கள் என்று எதற்குப் போனாலும் இந்த 'டும்' கூடவே வரும். அதற்குச் சொல்லப்படும் பரிகாரமும் மாறாது: "விடுங்க, டப்பிங்ல பாத்துக்கலாம்." அந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை.

தட்டல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நடிகரின் தலைக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் மைக் இருக்க வேண்டும். பிடிப்பவரோ பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்பார். இடையில் ஒரு நீளக் கம்பு, அலுமினியம் அல்லது கார்பன் ஃபைபர். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நாலைந்து குழாய்கள்; ஒவ்வொரு இணைப்பிலும் திருகி இறுக்கும் ஒரு வளையம். நுனியில் மைக். அதன் உள்ளே இருக்கும் சவ்வு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. காற்றில் வரும் குரலுக்கு அசைய வேண்டிய அந்தச் சவ்வு, கம்பு வழியாக வரும் அதிர்வுக்கும் அசையும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும்படி செய்யப்பட்ட மைக்குகளில் இந்தக் கோளாறு இன்னும் அதிகம். எல்லாப் பக்கமும் கேட்கும் மைக் அதிர்வை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் தெருச் சத்தம் முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். நம் ஊரில் எங்கே வைப்பது அதை?

அதனால்தான் மைக்கை நேராகக் கம்பில் திருகாமல் ஒரு தொட்டிலில் தொங்கவிடுகிறோம். முன்பெல்லாம் அது ரப்பர் பட்டைகள்தான். சித்திரை வெயிலில் வேன் மேல் கிடந்த தொட்டிலை எடுத்துப் பார்த்தால் ரப்பர் தளர்ந்து, மைக்கின் வால் பகுதி கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இப்போது ரைகோட் போன்றவர்கள் வளைந்த பிளாஸ்டிக் பிடிகள் செய்கிறார்கள். அவை அவ்வளவு சீக்கிரம் தளர்வதில்லை. நல்ல பொருள்தான். ஆனால் அதை வாங்கி மாட்டிவிட்டால் தட்டல் போய்விடும் என்று நினைப்பவர்கள் கேபிளை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் வெப் தொடர் எடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா அடுப்படி வாசலில் நின்று மகனிடம் பேச ஆரம்பிக்கிறாள். பேசிக்கொண்டே கூடத்தைத் தாண்டித் திண்ணைக்கு வருகிறாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. தணிந்த குரலில் வீட்டை விற்றுவிடலாம் என்று சொல்கிறாள், அவ்வளவுதான். பூம் அடுப்படியிலிருந்து கூடவே வர வேண்டும், நடுவில் ஓர் உத்தரத்துக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டும். ஒவ்வொரு டேக்கிலும் உத்தரத்தைத் தாண்டியதும் 'டும்'. அதன் பின்னாலேயே மெல்லிசாக ஒரு 'டிக்'.

புரொடக்‌ஷன் மேனேஜர் நல்ல மனிதர். "அக்கா, சென்னையிலேர்ந்து வேற மைக் வரவழைச்சிடட்டுமா? ராத்திரி பஸ்ல போட்டா காலைல வந்துடும்" என்றார். எல்லோருக்கும் முதலில் மைக் மேல்தான் சந்தேகம் வரும். அதுதான் விலை கூடிய பொருள், வாடகை ரசீதில் பெயர் போட்டு வருவதும் அதுதான். மைக்குக்கு ஒன்றும் இல்லை என்று எப்படித் தெரியும்? கம்பை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, யாரும் தொடாமல் ஒரு நிமிஷம் கேட்க வேண்டும். அப்போதும் சத்தம் வந்தால் கோளாறு மின்சாரப் பக்கம்: கனெக்டர், கேபிள், ஈரம். அந்தச் சத்தமும் வேறு மாதிரி, எண்ணெயில் கடுகு பொரிவது போலச் சடசடக்கும். எங்களுக்கு ஸ்டாண்டில் மயான அமைதி. ஆக மைக் சுத்தம்.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்பின் அடியிலிருந்து நுனி வரை விரல் நகத்தால் ஒவ்வொரு துண்டாகத் தட்டிக்கொண்டு போனேன். நல்ல கம்பில், நல்ல தொட்டிலில், அடியில் தட்டினால் மேலே மங்கலாகத்தான் கேட்க வேண்டும். இங்கே அடியில் தட்டியதே காதில் அறைந்தது. மைக்கின் வாலிலிருந்து கம்புக்கு வரும் குட்டி கேபிளைப் பார்த்தேன். யாரோ அழகாக, சுருக்கம் ஒன்றும் இல்லாமல், இழுத்துக் கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பார்க்க நேர்த்தியாக இருந்தது. கெடுத்ததே அந்த நேர்த்திதான். சின்ன வயதில் இரண்டு தீப்பெட்டியை நூலில் கட்டி டெலிபோன் விளையாடியிருப்பீர்கள். நூல் விறைப்பாக இருந்தால் பேச்சு போகும், தொய்ந்தால் போகாது. விறைத்த கேபிள் தொட்டிலையே சட்டை செய்யாமல் கம்பின் அதிர்வை நேராக மைக்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். டேப்பைக் கிழித்து, கேபிளில் ஒரு வளையம் தொய்வு விட்டு, தொட்டிலின் பின்பக்கக் கொக்கியில் செருகினோம். அடியில் தட்டினால் இப்போது ஏதோ பக்கத்து வீட்டில் தட்டுவதுபோல் இருந்தது.

'டிக்' மட்டும் மிச்சம். அது இரண்டாவது வளையம். வெயிலில் கொஞ்சம் தளர்ந்து, கம்பு திரும்பும்போதெல்லாம் உள்குழாய் வெளிக்குழாயைத் தொட்டது. இறுக்கினோம். பெசன்ட் நகர் கடற்கரையிலோ ஈசிஆரிலோ எடுத்துவிட்டு வந்த கம்பாக இருந்தால் வளையத்துக்குள் மணல் இருக்கும். கழற்றித் துடைக்காமல் இறுக்கினால் மரையே போய்விடும். கம்புக்கு உள்ளே சுருள் கேபிள் ஓடும் ரகத்தில் இன்னொரு தொல்லை உண்டு: கம்பை முழுதாக நீட்டாதபோது சுருள் தொங்கி, குழாயின் உள்சுவரில் அடித்துக்கொள்ளும். அதற்குக் கேபிளை வெளியே சுற்றிவிடுவதுதான் வழி. அசிங்கமாக இருக்கும், சத்தம் வராது.

இவ்வளவும் டீ ஆறுவதற்குள் முடிந்தது. சென்னையிலிருந்து மைக் வரவில்லை.

ஆனால் கதை அதோடு தீரவில்லை. தட்டல் குறைந்ததே தவிர, உத்தரத்துக்குக் கீழே வரும்போது மட்டும் லேசாக ஓர் உரசல் இருந்தது. அது கை. தம்பி உத்தரத்துக்காகக் குனியும்போது கம்பின் பிடியை மாற்றுகிறான். பிடி மாறும்போது உள்ளங்கை கம்பில் வழுக்குகிறது. வியர்த்த கை வேறு. விரல் மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். இது எனக்குப் பழக்கம்தான். நான் பூம் பிடித்த நாளில் வளையலைக் கழற்றி ரெக்கார்டர் பையின் பக்க உறையில் போட்டுவிட்டுத்தான் கம்பைத் தொடுவேன். ஆனால் மோதிரம் போன பிறகும் கை வழுக்கியது. இதற்கு எந்தக் கடையிலும் சாமான் இல்லை. அம்மா எந்த வார்த்தையில் நடக்க ஆரம்பிக்கிறாள், எங்கே நிற்கிறாள், மகன் எப்போது குறுக்கே பேசுகிறான் என்பது தெரிந்தால், பூம் பிடிப்பவர் உத்தரத்தைத் தாண்டிய நிலைக்கு ஏற்ற பிடியை முதலிலேயே பிடித்துக்கொண்டு, காலை மட்டும் நகர்த்திக் கூட வந்துவிடலாம். கம்பைத் திருப்ப வேண்டிய இடத்தில் உள்ளங்கையால் இறுக்காமல் விரல் நுனிகளில் உருட்டலாம். தெரியாவிட்டால் அவசரத்தில் தாவிப் பிடிக்கத்தான் வேண்டும். தாவிப் பிடித்தால் சத்தம் வரும்.

என் அனுபவத்தில் கைச் சத்தத்தின் பெரும்பங்கு அடுத்து யார் பேசப் போகிறார்கள் என்று பூம் பிடிப்பவருக்குத் தெரியாததால் வருவதுதான். அதைத் தீர்க்க ஒரே ஒரு ஒத்திகை போதும். தளத்தில் நாங்கள் 'ஒரு மானிட்டர் பாத்துடலாம்' என்று சொல்வது அதைத்தான். கேமராவுக்கு மானிட்டர் உண்டு. ஃபோகஸ் இழுப்பவருக்கு உண்டு; தரையில் டேப் ஒட்டிக் குறி வைத்துக் கொடுப்பார்கள். டிராலி தள்ளுபவருக்கும் உண்டு. அந்த நேரத்தில் பூம் பிடிப்பவர் எங்கே இருப்பார்? "லைட் ஆவுது, கொஞ்சம் வெளில நில்லுப்பா" என்று வாசலில் நிறுத்தியிருப்பார்கள். நேராக டேக்கில்தான் அவருக்கு அறைக்குள் இடம்.

டிஜிட்டல் வந்த பிறகு இது இன்னும் கஷ்டமாகிவிட்டது. பிலிம் காலத்தில் 400 அடி ரோல் நாலரை நிமிஷத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும். 1,000 அடி என்றால் பதினோரு நிமிஷம். பிலிம் காசு என்பதால் ஒத்திகையும் கண்டிப்பாக நடக்கும். இப்போது கார்டில் இடம் இருக்கும்வரை 'கட்' சொல்லாமல், "அப்படியே மறுபடி முதல்லேர்ந்து போங்க" என்கிறார்கள். நடிகர் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். கேமரா தோளில் இருந்தால் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பூம் மட்டும் மேலேயே இருக்கும். இருநூறு கிராம்கூட இல்லாத மைக்தான். காற்றுத் தடுப்புக் கூண்டும் தொட்டிலும் சேர்ந்து பன்னிரண்டு அடிக் கம்பின் நுனியில் தொங்கினால் தோளுக்கு என்ன ஆகும் என்று ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். கை நடுங்க ஆரம்பித்தால் நடுக்கமும் ஒலிதான்.

இதற்கு மூன்று பதில்கள் என்னிடம் அடிக்கடி சொல்லப்படுகின்றன.

முதலாவது, காலர் மைக் இருக்கிறதே என்பது. இருக்கிறது, நானும் போடுகிறேன். பட்டுப் புடவைக்குள் போட்டுப் பாருங்கள். வசனத்தைவிடப் புடவை நன்றாகப் பேசும். கஞ்சி போட்ட சட்டை, தாலிக் கொடி, கழுத்துச் செயின் எல்லாம் அதற்கு எதிரிகள். தவிர, நெஞ்சில் ஒட்டிய மைக்குக்கு அறை தெரியாது. அடுப்படியில் பேசியதும் திண்ணையில் பேசியதும் அதற்கு ஒன்றுதான்.

இரண்டாவது, இப்போது 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வந்துவிட்டது, எதையும் சரிசெய்துவிடலாம் என்பது. அது நல்ல கண்டுபிடிப்பு. திடீரென்று ஒருவர் கத்தினாலும் ஒலி உடையாமல் காப்பாற்றும். ஆனால் 'டும்' அதிலும் 'டும்' என்றேதான் பதிவாகும், இன்னும் துல்லியமாக.

மூன்றாவது, சாஃப்ட்வேர். ஏசி, ஃபேன், தூரத்து ஜெனரேட்டர் மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலை அது வியக்கத்தக்க அளவு நீக்கிவிடுகிறது. கைத் தட்டல் சீரானதல்ல. வரும், போகும், வார்த்தையின் மேலேயே விழும். அதன் சக்தி பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் 80 ஹெர்ட்ஸில் ஒரு வெட்டு வெட்டினால் பாதித் தொல்லை குறையும். நானே தளத்தில் அதைப் போட்டுத்தான் வைக்கிறேன். ஆனால் கனத்த ஆண் குரலின் அடித்தளமும் 85, 90 ஹெர்ட்ஸிலிருந்தே தொடங்குகிறது. தட்டலை முழுதாக ஒழிக்க வெட்டை மேலே ஏற்றிக்கொண்டே போனால் அப்பாவின் குரல் ரேடியோ செய்தி மாதிரி ஆகிவிடும்.

மிஞ்சுவது டப்பிங். தமிழ் சினிமாவுக்கு டப்பிங் தாய்ப்பால் மாதிரி ஆகிவிட்டது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். டப்பிங் கலைஞர்களின் திறமைமேல் எனக்கு மரியாதை உண்டு. 1931இல் 'காளிதாஸ்' வந்தபோது நடிகர் தளத்தில் பேசியதும் பாடியதும்தான் படம். பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியது. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஆரிஃப்ளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள் தையல் மிஷினை மிஞ்சும் சத்தம் போட்டன. தளத்து ஒலியை வைத்து ஒன்றும் செய்ய முடியாத நிலையில் டப்பிங் வழக்கமானது. அந்தக் கேமரா போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றைய டிஜிட்டல் கேமராவின் ஃபேன் சத்தம் பெரும்பாலும் காதில் விழுவதே இல்லை. வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2001இல் 'லகான்' தளத்து ஒலியோடு வந்தது, 2004இல் கமல் ஹாசனின் 'விருமாண்டி' வந்தது. முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

டப்பிங்கின் செலவு தளத்தில் யார் கண்ணிலும் படாது. தஞ்சாவூரில் உத்தரத்துக்குக் கீழே அந்த அம்மா வேடக்காரர் "வித்துடலாம்ப்பா" என்று சொன்னபோது கடைசி எழுத்து தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் திட்டமிட்டுச் செய்ததல்ல. மாசக் கணக்கு கழித்து, ஏசி அறையில் கண்ணாடிக்கு முன்னால் உதட்டைப் பார்த்துக்கொண்டு அதைத் திரும்பச் செய் என்றால் அவர் நடித்துக் காட்டுவார், நன்றாகவே. அது வேறொன்றாக இருக்கும். ஸ்டூடியோ வாடகை, இன்ஜினியர் சம்பளம், நடிகரின் தேதி என்று பணமும் போகும். ஐந்து நிமிஷ ஒத்திகையை மிச்சப்படுத்தியவர்தான் அதையும் கட்ட வேண்டியிருக்கிறது.

அரசாங்கமும் எங்கள் வேலையைக் கவனிக்கும் விதம் வேடிக்கையானது. தேசிய விருதில் 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளிலிருந்து ஒலிக்கு மூன்று பிரிவுகள் இருந்தன. அதில் ஒன்று லொகேஷன் சவுண்ட் ரெக்கார்டிஸ்டுக்கு, அதுவும் தளத்து ஒலியை அப்படியே பயன்படுத்திய படங்களுக்கு மட்டும். 2022 ஜூலையில் அந்த விருதை 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்கு அறிவித்தார்கள். அது டப்பிங் செய்த படம் என்று அதன் ஒலி வடிவமைப்பாளர் நிதின் லூகோஸே சொன்னார். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியும் வெளிப்படையாக இதைச் சுட்டிக்காட்டினார். தளத்தில் எடுத்த குரல் எது, அறையில் பேசிய குரல் எது என்பது நடுவர் குழுவுக்கே பிடிபடவில்லை என்றால், கம்பு பிடிப்பவனின் பாடு யாருக்குத் தெரியப் போகிறது?

குழப்பம் வந்தால் கேட்கத் தெரிந்தவர்களைக் குழுவில் சேர்த்திருக்கலாம். அடுத்து வந்த மாற்றத்தில் மூன்று பிரிவுகளும் போய் 'சிறந்த ஒலி வடிவமைப்பு' என்று ஒன்றே ஒன்றாகிவிட்டது. 2024இல் அறிவித்த விருதுகளில் அதை வாங்கியது 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்காக ஆனந்த் கிருஷ்ணமூர்த்தி. நம்மவர் வாங்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். பரிசுத் தொகையையும் கூட்டினார்கள். ஆனால் தளத்தில் நின்று குரலைப் பிடிப்பவருக்கென்று இருந்த ஒரே தேசிய அடையாளம் இல்லாமல் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நடுவர்கள் பார்ப்பதற்கு முன் தளத்தில் எடுத்த மூல ஒலிக் கோப்புகளைக் கேட்டு வாங்கினால் 'டொள்ளு' மாதிரி இன்னொரு குழப்பம் வராது.

விருது வரும்போது வரட்டும். தளத்தில் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு. லென்ஸ் மாறினால் ஃப்ரேமின் மேல் விளிம்பு எங்கே என்று கேமரா உதவியாளர் பூம் பிடிப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், காசு செலவில்லை. கால்ஷீட்டில் சவுண்ட் யூனிட்டின் நேரத்தை லைட் யூனிட்டோடு சேர்த்தே போடலாம், கம்பையும் தொட்டிலையும் தட்டிப் பார்க்க நேரம் கிடைக்கும். பூம் ஆபரேட்டரை 'எக்ஸ்ட்ரா ஆள்' என்று கணக்கெழுதி, பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டுவதை நிறுத்தலாம். ஒரே ஆள் ரெக்கார்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பையும் பிடிப்பது ஆவணப்படத்துக்குச் சரி. நாலு பேர் பேசும் காட்சிக்கு அப்படி ஆள் அனுப்புவது, கைச் சத்தத்துக்கு முன்பணம் கொடுத்து வரவழைப்பது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். காதில் ஹெட்போன் இல்லாமல் பூம் பிடிக்காதீர்கள். உங்கள் கை போடும் சத்தம் உங்களுக்கே கேட்காவிட்டால் எத்தனை வருஷமானாலும் அது போகாது. கேட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் அப்போதே சொல்லுங்கள்.

இயக்குநர்களே, அடுத்த ஷாட்டில் கேமராமேன் 'ரெடி' என்றதும், அறையின் மூலையில் கம்போடு நிற்கும் ஆளைப் பார்த்து "உங்களுக்கு மானிட்டர் வேணுமா?" என்று கேளுங்கள். அவர் கூச்சப்பட்டு "பரவால்ல சார்" என்பார். அதை நம்பாதீர்கள், ஒரு தடவை நடத்திவிடுங்கள்.